கைத்துப்பாக்கி கூறும் வரலாறு

கொசத்தலையாற்றின் கரையில் அமைந்த நெமிலி என் ஊர். அது முன்னர் வட ஆர்க்காட்டிலும், பின்னர் வேலூர் மாவட்டத்திலும், 2019-ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அடங்கியது. ஊர் சிறிதாயினும் அதனைச் சூழ்ந்த நிலம் படைக்கலங்களின் வரலாற்றில் பெரிது. அருகே தக்கோலம் உள்ளது. அங்கே 949-ஆம் ஆண்டில் சோழரும் இராட்டிரகூடரும் பொருதனர். யானைமீதிருந்து போர்புரிந்த சோழ இளவரசன் இராசாதித்தன் அம்பு தைத்து மாண்டான் எனச் சோழர் செப்பேடு கூறுகிறது. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பின்னோர் அவனை நினைந்து போற்றினர். கிழக்கே சென்றால் புள்ளலூர். அங்கே 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை வளைத்து அழித்தனர். வடமேற்கே சோளிங்கர். அங்கே 1781-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஐதருக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் போர் நிகழ்ந்தது.

தக்கோலத்து அம்புக்கும் புள்ளலூர்த் துப்பாக்கிக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. புள்ளலூரில் வீரர் ஏந்திய துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியே இட்டுக் கெட்டிக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் தெறிக்கும் பொறியால் அது வெடிக்கும். தேர்ந்த வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறைக்கு மேல் சுடுவது அரிது. அதன்பின் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குள், சட்டைப் பையில் அடங்கி, விரலை அசைக்குந்தோறும் ஒரு குண்டை உமிழும் கைத்துப்பாக்கி தோன்றிவிட்டது. இந்தச் சிறு கருவியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட நண்பர் ஒருவர் ஆம்பூரில் வாழ்கிறார். பழம்பொருள்களைத் தொகுப்பதில் ஆர்வம் மிக்கவர். பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை முறையான உரிமத்துடன் போற்றி வருகிறார். தம் தொகுப்பில், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றைச் சேர்க்க விழைந்து, எதனைத் தெரிந்தெடுக்கலாம் என்று வரலாற்று ஆசிரியனாகிய என்னை வினவினார். நான் ஆயுத வல்லுநன் அல்லேன். ஆயினும் இவ்வினா வணிகரிடம் கேட்கத்தக்கதாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளை எதற்காகப் பேணுகிறோம், அதனை எதனால் மதிக்கிறோம் என்னும் வினா அதனுள் அடங்கியிருக்கிறது. அது வரலாறு பயில்வோர் யாவருக்கும் உரிய வினா.

முதலில் இக்கருவி எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். பழைய கரிமருந்து வெடித்தால் புகை மண்டும்; கரி படியும்; நுண்ணிய உறுப்புகள் விரைவில் அடைபட்டுப் போகும். 1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். அதே காலத்தில் ஐரம் மாக்சிம் என்பவர், துப்பாக்கி வெடிக்கும்போது பின்னோக்கித் தள்ளும் விசையைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றலாம் என்று தம் இயந்திரத் துப்பாக்கியால் காட்டினார். இவ்விரண்டும் கூடியபோது புதிய கைத்துப்பாக்கிக்கு வழி பிறந்தது. 1893-இல் ஊகோ போர்ச்சார்ட் என்பவரின் கைத்துப்பாக்கி செர்மனியில் வெளிவந்தது. 1896-இல் மௌசர் வந்தது. 1900-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டிலிருந்து பிரௌனிங் வந்தது.

இவற்றின் செயல்முறை எளிது. குண்டு முன்னே பாயும்போது எழும் எதிர்விசை, துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னே தள்ளுகிறது. அவ்வாறு பின்னே செல்கையில் வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே எறியப்படுகிறது. சுருள்வில் அதனை மீண்டும் முன்னே கொணர்கையில், கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும் தோட்டாக்களுள் மேலே உள்ளது குழலுக்குள் ஏறுகிறது. ஆனால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டே வெளிப்படும். ஆதலால் இதனை அரைத் தானியங்கி என்பது வழக்கம்.

பிரௌனிங் என்பது இதனை அமைத்தவரின் பெயர். சான் மோசசு பிரௌனிங் அமெரிக்காவில் யூட்டா நாட்டு ஆக்டன் நகரில் 1855-இல் பிறந்தவர். துப்பாக்கி செய்யும் தந்தையின் பட்டறையிலே தொழில் கற்றவர். அவருடைய கைத்துப்பாக்கியைச் செய்து பரப்பியதோ பெல்ஜியத்தில் லீயேசு நகரை அடுத்த எர்ஸ்டாலில் உள்ள 'ஃபாப்ரிக் நாசியோனால்' என்னும் தொழிற்சாலை. பெல்ஜியப் படைக்கு ஒன்றரை இலட்சம் மௌசர் துப்பாக்கிகளைச் செய்து தருவதற்காக 1889-இல் நிறுவப்பட்டது அது. 1900-ஆம் ஆண்டு மாதிரி ஏறத்தாழப் பதினேழு செண்டிமீட்டர் நீளமும் அறுநூற்றிருபத்தைந்து கிராம் எடையும் உடையது; ஏழு தோட்டாக்கள் கொள்வது; அதன் குழல்விட்டம் 7.65 மில்லிமீட்டர், அதாவது நம் நாட்டில் 'முப்பத்திரண்டு' என வழங்குவது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்து விற்கப்பட்டன. தட்டையான வடிவம், குறைந்த விலை, எளிய அமைப்பு ஆகிய மூன்றும் அதனை உலகெங்கும் கொண்டு சென்றன.

இனி, ஒருவர் இத்தகைய கருவியை இந்தியாவில் தொகுப்புக்கென வாங்க முற்பட்டால் அவர்முன் நிற்பது சட்டம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1878-ஆம் ஆண்டில், லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தில், ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியர்க்கோ விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே சென்னையில் ஆங்கில அதிகாரி கடைக்குச் சென்று கைத்துப்பாக்கி வாங்கலாம். மவுண்ட் ரோட்டில் கடிகாரங்களால் புகழ்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அக்கடைக்கு அடுத்த தெருவில் வாழ்ந்த தமிழனுக்கோ அதே பொருள் எளிதில் கிட்டாது. இவ்வேறுபாட்டை நம் மக்கள் பொருட்குறையாகக் கருதவில்லை, மானக்குறையாகவே கருதினர்.

விடுதலைக்குப்பின் 1959-ஆம் ஆண்டில் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இன வேறுபாடு ஒழிந்தது. உரிமம் யாவர்க்கும் பொதுவாயிற்று. தனியொருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாகக் குறைந்தது. படைகளுக்கும் காவற்றுறைக்கும் உரிய ஒன்பது மில்லிமீட்டர் போன்ற அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. மேலும், வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்யும் வழி 1980-களின் இடையில் அடைக்கப்பட்டது. ஆகவே இந்நாட்டில் முன்பே உரிமத்துடன் உள்ள பழைய கருவிகளே உரிமம் பெற்றவர்களிடையே கைமாறி வருகின்றன. என் நண்பரிடம் ஏற்கெனவே ஒன்று உள்ளது. ஆதலின் அவருக்கு எஞ்சியிருப்பது ஒரே இடம். எத்தனையோ வகைகளுள் ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலை.

ஒன்றுதான் கொள்ளலாம் என்னும்போது, ஒரு பொருளின் மெய்ம்மையை எவ்வாறு அறிவது என்பதே முதல் கேள்வியாகிறது. துப்பாக்கி தன் பிறப்பைத் தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கும் பொருள். ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை இட்ட தொடரெண் உண்டு. உடலிலும், மேற்பகுதியிலும், குழலிலும் உள்ள எண்கள் ஒத்திருந்தால் அது பிறந்தபடியே உள்ளது எனலாம். மாறுபட்டிருந்தால் பின்னர் உறுப்பு மாற்றப்பட்டது எனத் தெளியலாம். லீயேசு நகரச் சோதனைச் சாலை, மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்துத் தாங்கியவற்றின்மேல், முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்னும் எழுத்துகளைப் பொறிக்கும். 1893-ஆம் ஆண்டிலிருந்து அதன்மேல் முடி ஒன்றும் சேர்ந்தது. அந்நகரின் அடையாளமாகிய 'பெரோன்' என்னும் கல்தூணும் சிறு முத்திரையாக இடம்பெறும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கு, துப்பாக்கி ஒரு கல்வெட்டு.

அறியாதார் செய்யும் பெருந்தீங்கு, பழைய கருவியைத் தேய்த்து மெருகேற்றுவது. தேய்க்குந்தோறும் முத்திரை மங்கும், எண் அழியும், பொருள் பளபளக்கும், சான்று மறையும். கோயிற்சுவரின் கல்வெட்டைக் கொத்திப் புதுப்பிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மற்றொன்று எங்கள் தோல்நாட்டினர் நன்கு அறிந்தது. துப்பாக்கிக்குத் தோலுறை அழகுதான். ஆயினும் பட்டை கொண்டு பதனிட்ட தோல் காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள புளிப்புச் சத்து எஃகைத் துருவேற்றும். பித்தளையில் பச்சைக் களிம்பு படியச் செய்யும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டுப் பழகிய ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிலாளர்க்கு இது புதிய செய்தியன்று. ஆகவே தொகுப்பாளர் உறையையும் துப்பாக்கியையும் அருகருகே வைப்பரேயன்றி, ஒன்றனுள் ஒன்றை இட்டு வைப்பதில்லை.

எண்ணின் அருமையை விளக்க ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 1928-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் இலாகூரில் சாண்டர்சு என்னும் காவல் அதிகாரி சுடப்பட்டார். அவ்வழக்கில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவர் ஏந்திய 'கோல்ட்' கைத்துப்பாக்கி நெடுங்காலம் எங்குள்ளது என்பது பொதுமக்களுக்குத் தெரியாமலே இருந்தது. உண்மையில் அது 1969-ஆம் ஆண்டில் பஞ்சாபிலுள்ள பில்லூர்க் காவற் பயிற்சிக் கழகத்திலிருந்து வேறு சில ஆயுதங்களுடன் இந்தூருக்கு அனுப்பப்பட்டு, எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளி அருங்காட்சியகத்தில் பல துப்பாக்கிகளுள் ஒன்றாகக் கிடந்தது. அதன்மேல் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. 2016-ஆம் ஆண்டில் வழக்கின் பழைய ஏடுகளை ஆராய்ந்து தேடியபோது, வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்க, 168896 என்னும் எண் வெளிப்பட்டது. ஏட்டில் இருந்த எண்ணும் அதுவே. பின்னர் அது பகத்சிங்கின் நினைவிடம் அமைந்த உசைனிவாலாவில் உள்ள அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது.

இங்கே ஒன்றை நோக்குங்கள். அந்த ஐம்பது ஆண்டுகளிலும் அத்துப்பாக்கி எங்கும் தொலைந்துபோகவில்லை. பலர் கண்முன்னே அது இருந்தது. தொலைந்தது அதனைப் பற்றிய குறிப்பு மட்டுமே. குறிப்பு அகன்றவுடன் வரலாற்றுச் சின்னம் வெறும் இரும்பாயிற்று. ஏட்டில் இருந்த ஆறு இலக்கங்கள் கிடைத்தவுடன் அவ்விரும்பு மீண்டும் வரலாற்றுச் சின்னமாயிற்று. என் நண்பருக்கு நான் கூறிய முதல் விதி இதிலிருந்து பிறந்ததே: ஏடில்லாத பெருமையை விலை கொடுத்து வாங்கலாகாது. இன்னார் ஏந்தியது, இன்ன போரில் இருந்தது என்று விற்பவர் கூறும் கதை செவிக்கு இனிக்கும். பழைய உரிமமும், விற்பனைச் சீட்டும், பொருந்திய எண்ணும் இருந்தாலன்றி அதனை வரலாறாகக் கொள்ளலாகாது.

அடுத்து, எவ்வகை என்னும் கேள்வி. மௌசர் ஒன்று உண்டு. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள் கல்கத்தாவில் ரோடா என்னும் ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து ஐம்பது மௌசர் கைத்துப்பாக்கிகளையும் நாற்பத்தாறாயிரம் தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர் கவர்ந்து சென்றனர். அதனால் மௌசர் வங்க வரலாற்றோடு பிணைந்தது. அமெரிக்கக் கோல்ட் 1903-ஆம் ஆண்டு மாதிரி மற்றொன்று. இதுவும் பிரௌனிங் அமைத்ததே. 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் அலகாபாத்தின் ஆல்பிரட் பூங்காவில், காவலர் சூழ்ந்துகொள்ள, இறுதிக் குண்டைத் தமக்கே செலுத்திக்கொண்ட சந்திரசேகர ஆசாத்தின் கையில் இருந்தது கோல்ட் கைத்துப்பாக்கி. இன்று அவர் பெயர் தாங்கும் அப்பூங்காவில் உள்ள அருங்காட்சியகத்திலே அதனைக் காணலாம். இவை இரண்டும் வடநாட்டு நிகழ்ச்சிகளோடு தொடர்புடையவை. தமிழ்நாட்டின் வரலாற்றைத் தொட்ட கைத்துப்பாக்கி எது என வினவினால், விடை பெல்ஜியப் பிரௌனிங் என்பதே.

அவ்வரலாறு கப்பலில் தொடங்குகிறது. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அவருக்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. சுதேசிக் கப்பலை ஒடுக்குவதில் முனைந்து நின்ற அதிகாரி இராபர்ட் வில்லியம் ஆஷ். அயர்லாந்தைச் சேர்ந்த அவர் 1910-ஆம் ஆண்டில் திருநெல்வேலிக் கலெக்டராக உயர்ந்தார்.

இதே காலத்தில் இலண்டனில் இந்தியா விடுதி என்னும் இடத்தில் கூடிய இளைஞர், பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைத் திரட்டினர். 1909-ஆம் ஆண்டில் சாவர்க்கர் வழியாக இருபது பிரௌனிங்குகள் பம்பாய்க்கு மறைவாக அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றினால் அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் நாசிக் கலெக்டர் ஜாக்சன் ஒரு நாடக அரங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடுதியில் தங்கியிருந்த தமிழர், வரகனேரி வ. வே. சு. ஐயர். வழக்கறிஞர் படிப்புக்காகச் சென்ற அவர், கைதுக்குத் தப்பி, 1910-ஆம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடைந்தார். ஆங்கிலச் சட்டம் எட்டாத அந்நகரில் அவரிடம் சுடப் பழகியவர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் சிறுபணி செய்து வந்த இளைஞர் அவர்.

1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் காலை பத்தரை மணி கடந்த வேளை. மணியாச்சி சந்திப்பில் நின்ற வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் ஆஷும் அவர் மனைவியும் இருந்தனர். கொடைக்கானலில் உள்ள தம் பிள்ளைகளைக் காணச் செல்லும் பயணம் அது. வாஞ்சிநாதன் பெட்டியினுள் ஏறி ஆஷைச் சுட்டார். பின் நிலையத்துக் கழிப்பிடத்துக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் பையில் ஒரு கடிதம் இருந்தது. கையில் இருந்தது பெல்ஜிய நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங். ஒரே கருவி, சில நிமிடங்களுக்குள், கொல்லப்பட்டவரையும் கொன்றவரையும் மாய்த்தது. தொடர்ந்த வழக்கில் பதினால்வர் குற்றம் சாட்டப்பட்டனர். நீலகண்ட பிரமசாரி ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இன்று அந்நிலையம் வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் பெற்றுள்ளது. ஆஷ் பாளையங்கோட்டையில் அடங்கியிருக்கிறார்.

மணியாச்சியை நாம் தனித்து நிற்கும் நிகழ்ச்சியாகவே எண்ணி வருகிறோம். கருவியைக் கொண்டு நோக்கினால் அது உலகத்தோடு இணைகிறது. 1904-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பின்லாந்தில் உருசியப் பேரரசின் ஆளுநர் பொப்ரிகோவைச் சௌமன் என்னும் இளைஞர் சுட்டுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார், கருவி பிரௌனிங். 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் மஞ்சூரியாவின் ஆர்பின் இரயில் நிலையத்தில் சப்பானிய அரசியலாளர் இத்தோவைக் கொரியர் ஆன் சுங் குன் சுட்டார், கருவி பிரௌனிங். 1914-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் காவ்ரிலோ பிரின்சிப் சுட, முதல் உலகப்போர் மூண்டது. அதுவும் எர்ஸ்டாலில் பிறந்த பிரௌனிங்கின் 1910-ஆம் ஆண்டு மாதிரியே. பின்லாந்து, கொரியா, தமிழகம், பாஸ்னியா ஆகிய நான்கும் ஒன்றையொன்று அறியாத நாடுகள். பேரரசுகளின் கீழ் அடங்கியிருந்த இளைஞர் கைக்கு, படையில்லாமலே தாக்கவல்ல ஒரு கருவி கிடைத்த காலம் அது. எங்கோ ஒரு பெல்ஜியச் சிற்றூரில் வயிற்றுப்பிழைப்புக்காக இரும்பைச் செதுக்கிய தொழிலாளன், தன் கைவேலை எந்நாட்டு வரலாற்றில் சென்று சேரும் என்பதை அறியான்.

ஆகவே நண்பர்க்கு நான் கூறியது இது. 1900-ஆம் ஆண்டு மாதிரிப் பிரௌனிங், எண்கள் ஒத்தது, மெருகிடப்படாதது, உரிமத் தொடர்ச்சி தெளிவாக உள்ளது கிடைத்தால் அதனையே கொள்க. முப்பத்திரண்டு அளவாதலின் சட்டமும் தடுக்கவில்லை. பளபளக்கும் அரிய வகையைக் காட்டிலும், இலட்சக்கணக்கில் பிறந்து எளியோர் கைக்கு எட்டிய வகையே அக்காலத்தின் உண்மையான சாட்சி. ஆனால் அதனருகே எழுதி வைக்கும் குறிப்பில், வாஞ்சிநாதன் ஏந்திய வகை என்று பெருமை பேசி நிறுத்திவிடலாகாது.

ஏன் எனில், ஒரு கொலைக்கருவியைத் தொகுப்பில் வைப்பதில் ஓர் இடர் உள்ளது. பேணுவது மெல்ல மெல்ல வழிபடுவதாக மாறிவிடும். வாஞ்சிநாதனின் உயிர்க்கொடையை நாடு நினைவில் வைத்திருப்பது இயல்பே. ஆயினும் அவர் பையில் இருந்த கடிதத்தில் நாட்டுரிமை வேட்கையோடு, சனாதன தருமத்தின் பெயரால் எழுந்த சினமும், பிறப்பை இழித்துக் கூறும் சொல்லும் கலந்தே உள்ளன. பள்ளி மாணவர் அதனை முழுதும் படிக்க வேண்டும். தமக்கு உவந்த வரிகளை மட்டும் படித்து விட்டுவிடுதல் வரலாறு ஆகாது. பெட்டிக்குள் கணவன் வீழக் கண்ட பெண்ணும், கொடைக்கானலில் தந்தையை எதிர்நோக்கியிருந்த பிள்ளைகளும், செங்கோட்டையில் தனித்து விடப்பட்ட வாஞ்சிநாதனின் மனைவியும் அவ்வரலாற்றில் உள்ளவர்களே. துப்பாக்கியை மட்டும் நோக்குபவன் கண்ணுக்கு அவர்கள் தென்படமாட்டார்கள்.

மேலும் ஒன்று. 1948-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மாலை, தில்லியில் வழிபாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகளின் மீது மூன்று குண்டுகள் பாய்ந்தன. அவற்றை உமிழ்ந்ததும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியே. இத்தாலியில் செய்யப்பட்ட பெரெட்டா அது, எண் 606824, குவாலியரில் கைமாறிக் கொலைஞனை அடைந்தது. அந்நியரைத் துரத்த எடுத்த கருவிக்கும், அறத்தின் வடிவாய் நின்ற முதியவரை வீழ்த்திய கருவிக்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. சுருள்வில் ஒன்றே, எதிர்விசை ஒன்றே. எவர்மீது, எதற்காக என்னும் வேறுபாடு எஃகில் இல்லை; அது ஏந்துபவனின் அறிவிலும் நெஞ்சிலும் உள்ளது. ஆகையால்தான் கருவியைப் போற்றுவது அறியாமை. கருவியின் வழியே மனிதர் செய்த தேர்வுகளை ஆராய்வதே வரலாறு.

மதுரைக்குச் செல்லும் மாணவர்கள், இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் தவறாது காண வேண்டும். அங்கே தனி அறையொன்றில் அண்ணல் இறுதியாக உடுத்திய, குருதி தோய்ந்த ஆடை வைக்கப்பட்டுள்ளது. அதன்முன் நிற்கும்போது பேச்சு எழுவதில்லை. மக்கள் தேடிவந்து நிற்பதற்கென நாம் தெரிந்தெடுத்தது துப்பாக்கியை அன்று. அது துளைத்த ஆடையை. தொகுப்பாளர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்க தெரிவு அது. படைக்கலம் காட்டுவது வலிமையை. ஆடை காட்டுவது அவ்வலிமை யார்மேல் விழுந்தது என்பதை. இரண்டையும் அறிந்தவனே நிகழ்ந்ததை முழுதும் அறிந்தவன்.

மாணவ நண்பர்களே, கைத்துப்பாக்கி உங்களுள் எவருக்கும் வேண்டுவதன்று. ஆனால் தொகுப்பாளர்க்குக் கூறிய விதி உங்களுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டுப் பரண்மேல் பாட்டன் காலத்துத் தராசு இருக்கலாம். தோல் மண்டியின் பழைய கணக்கேடு இருக்கலாம். போருக்குச் சென்று மீண்டவரின் பதக்கம் இருக்கலாம். அவற்றைத் தேய்த்து ஒளியேற்ற வேண்டாம். ஒரு தாளை எடுத்து, இது யாருடையது, எந்த ஆண்டில் வந்தது, எவ்வழியே வந்தது, இதனைக் கூறியவர் யார் என்று நான்கு வரி எழுதி, எண் இருந்தால் எண்ணையும் குறித்து, பொருளோடு வையுங்கள். கூறவல்ல முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதுங்கள். உசைனிவாலாவில் இன்று மக்கள் காணும் துப்பாக்கியை மீட்டுத் தந்தது, எவரோ ஓர் எழுத்தர் கடமை தவறாது ஏட்டில் குறித்து வைத்த ஓர் எண்ணே.